சித்தப்பா கேட்ட கேள்வியும் மூணு வகை காடும்

சென்னைல இருக்குற சித்தப்பா போன வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு வீடியோ போட்டாரு. கோட்டூர்புரத்துல மாநகராட்சி 2020-ல போட்ட மியாவாக்கி காடு, கூடவே "உங்க சிங்கப்பூர்ல இதெல்லாம் கிடையாதாப்பா"ன்னு ஒரு குத்தல். நான் இருக்குறது உட்லண்ட்ஸ், பேருலயே காடு வச்சிருக்குற பேட்டை, அது போக மாசம் ஒரு சனிக்கிழமை காட்டுல களை புடுங்கப் போறவன், சும்மா இருப்பேனா?

மொதல்ல மியாவாக்கி. ஜப்பான்காரர் அகிரா மியாவாக்கியோட முறை இது. மண்ண நல்லா ஆழமா கெளறி, மக்குன இலைதழை கலந்து, அந்தந்த ஊரோட சொந்த மரங்களா பாத்து நெருக்கமா நட்டுடணும், வெளிச்சத்துக்கு ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு விறுவிறுன்னு மேல ஏறும், ரெண்டு மூணு வருஷம் தண்ணி ஊத்தி களை எடுத்துட்டா அப்புறம் அதுவா பாத்துக்கும். நம்ம வெயில், மழைக்கு ஒத்து வராதுன்னும் சொல்ல முடியாது, 1990-கள் தொடக்கத்துலயே சரவாக் பிந்துலுல போட்டு பாத்துருக்காங்க. இங்க இடிக்கிறது எடம்தான். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்குற புல்தரைய ஒரு முழம் தோண்டுங்க, கட்டட வேலைல பொதைச்ச கல்லு வரும், இன்னும் கீழ போனா கேபிளு, தண்ணிக்குழாய். அப்புறம் கணக்கு. 3 மீட்டர் இடைவெளி விட்டா 9 சதுர மீட்டருக்கு 1 கன்னு போதும், மியாவாக்கில சதுர மீட்டருக்கு 3-ன்னு வச்சாலே அதே எடத்துக்கு 27. அத்தன கன்னுக்கு எங்க போறது? மெராந்தின்னு இந்தப் பக்கத்து மழைக்காட்டுப் பெரிய மரம், அது மாதிரி மரமெல்லாம் பல வருஷத்துக்கு ஒருதடவதான் கூட்டமா பூத்துக் காய்க்கும், அந்த விதைய டப்பால போட்டு வச்சுக்கவும் முடியாது, சீக்கிரமே செத்துடும்.

இதுக்கு நேர் எதிர் கட்சி ஒண்ணு இருக்கு, கையே வைக்காதீங்க, சும்மா விட்டாலே காடாயிடும்னு. பாதி உண்மை. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யிற ஊரு இது, கிளமெண்டி காடு இருக்கே, அது ஒரு காலத்துல ரப்பர் தோட்டம், அத யாரும் உக்காந்து நடல. ஆனா இப்படி வர்ற காட்டுல மொதல்ல தல தூக்குறது நம்ம மரம் இல்ல, அல்பீசியா மாதிரி வெளியூர் மரம்தான். மளமளன்னு வளரும், கழுகு கூட கட்டும், அதெல்லாம் சரி, ஒரு பெரிய காத்தடிச்சா கிள படபடன்னு முறியும். 19-ம் நூற்றாண்டுல கேம்பியர்னு தோல் பதனிட உதவுற செடியப் பயிர் போட்டு மண்ணு சத்தெல்லாம் உறிஞ்சி விட்டுட்டுப் போன எடங்கள்ல கத இன்னும் மோசம், ரொம்ப காலத்துக்கு தியூப்-தியூப்னு ஒரு சின்ன மரமும் அது கூட நாலஞ்சு வகையும்தான். மெராந்தி காய்க்கு றெக்க இருக்கு, ஆனா அது சுத்திச் சுத்தி தாய் மரத்துக்குக் கிட்டயேதான் விழும். பக்கத்துல தாய் மரம் இல்லையா, நூறு வருஷம் காத்திருந்தாலும் தானா வராது.

அதனால என் ஓட்டு மூணாவதுக்கு. இடைவெளி விட்டு சொந்த மரங்கள கலந்து நடுறது, நட்டதோட விடாம திரும்பத் திரும்பப் போறது. தேசியப் பூங்காக் கழகம் 2019-ல ஒரு காடு மீட்புத் திட்டம் ஆரம்பிச்சுது, இயற்கைப் பூங்காக்கள்ல 10 வருஷத்துல 2,50,000 மரமும் செடியும். 2020-ல பத்து லட்சம் மரம் திட்டம். புக்கிட் தீமா காடு மொத்தமே 163 ஹெக்டேர்தான், 1986-ல விரைவுச்சாலை வந்து அதையும் பக்கத்துல இருக்குற பெரிய நீர்ப்பிடிப்புக் காட்டையும் தனித்தனியா பிரிச்சுடுச்சு, 2013-ல சாலைக்கு மேல மிருகங்களுக்குன்னு பாலம் கட்டி அதுலயும் மரம் நட்டாங்க, இப்ப எறும்புத்தின்னி கடந்து போகுது.

குறையே இல்லையான்னா, இருக்கு. நடுற அன்னிக்கு கூட்டம் அள்ளும், குழி கூட முன்னாடியே தோண்டி வச்சிருப்பாங்க, நாம சங்கோலால, அதான் மம்பட்டியால, மண்ணத் தள்ளி மூடுனா போதும். களை எடுக்குற சனிக்கிழமைக்கு எங்க குழுவுல எட்டு பேர் வந்தா அது திருவிழா.

களைன்னா புல்லு இல்ல. சான்சிபார் யாம்னு ஆப்பிரிக்காலேர்ந்து வந்த ஒரு கொடி, நம்ம வள்ளிக்கிழங்குக்கு சொந்தக்காரன். கன்னு மேல ஏறி போர்வை மாதிரி மூடிடும், உள்ள வெளிச்சமே போகாது. மொத தடவ நான் வீரமா புடிச்சு ஒரே இழுப்பு இழுத்தேன், கொடில கோலிக்குண்டு மாதிரி தொங்கிட்டிருந்த குட்டிக் கிழங்கெல்லாம் பொலபொலன்னு கொட்டிடுச்சு. கூட வந்த அக்கா தலைல கைய வச்சுட்டாங்க, ஏன்னா விழுந்த ஒவ்வொண்ணும் புதுக் கொடியா மொளைக்கும். மொதல்ல குண்டெல்லாம் பொறுக்கி பையில போட்டுட்டு அப்புறம்தான் கொடிய வெட்டணுமாம். அன்னிக்கு மீதி நேரம் முழுக்க நான் குனிஞ்சு பொறுக்கினேன்.

இவ்வளவையும் டைப் பண்ணி குரூப்ல போட்டா சித்தப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு, அந்தக் கிழங்க சாப்பிடலாமான்னு. விஷம் சித்தப்பா.