முட்டை அட்டை வரைக்கும் பிரமாதம்

42 வயதில் சி என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் மொழி படிக்க எங்கள் தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். மகள் இன்னும் சிரிக்கிறாள். இருபரிமாண அரேவுக்கு (மதிப்புகளை வரிசை வரிசையாகக் கட்டம்போல் அடுக்கும் பட்டியல்) சார் முட்டை அட்டையையே கொண்டுவந்தார்: 5 வரிசை, வரிசைக்கு 6 குழி, எண்ணிக்கை 0-வில் தொடங்கும். பளிச்சென்று புரிந்தது! ஆனால் மெமரியில் அட்டையே கிடையாது. 30 குழியும் ஒருபரிமாண அரே மாதிரி ஒரே நீளக் கோடுதான். [2][3] (2-ம் எண் வரிசை, 3-ம் எண் குழி) என்றால் 2×6+3, ஆரம்பத்திலிருந்து 15 தள்ளி. இதை வீட்டில் மெமரி முகவரிகளை அச்சிட்டுப் பார்த்து நானேதான் கண்டுபிடித்தேன். அரேயின் எல்லை தாண்டி எழுதினால் சி தானாகத் தடுக்காது என்பதையும் யாரும் சொல்லவில்லை. என் மார்க் பட்டியல் குப்பையானபோதுதான் தெரிந்தது. முப்பரிமாண அரேவுக்கு சார் ஒதுக்கியது பத்தே நிமிடம். ஃபேன் வேறு ஓடாது. அடிப்படைக்கு மட்டும் போகலாம்.