14,500 ரூபாவுக்கு வாங்கி வந்த இரைச்சல்

பம்பலப்பிட்டிப் பக்கம் சவுண்ட் கார்ட் (கொம்பியூட்டருக்குச் சத்தம் வாங்கிக் கொடுக்கிற சாமான்) வாங்கப் போகிற ஆக்கள் இதை வாசிச்சிட்டுப் போங்கோ. கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு போட்டிருக்கிறேன், அது முடியட்டும்.

நான் வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடி உயர்தரப் பிள்ளைகளுக்கு சூமில் கணக்கியல் படிப்பிக்கிறேன். மைக் ஒரு சின்ன மிக்சருக்குள் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி) போகும், மிக்சரில் இருந்து ஒரு வயர் கொம்பியூட்டரின் பின்பக்க நீல ஓட்டைக்குள் போகும். போன மாதம் காற்றுக்காக மேசையை ஜன்னலோடு தள்ளிப் போட்டேன். அடுத்த நாளே, "சேர், பின்னால ம்ம்ம்... எண்டு ஏதோ இரையுது."

கடைக்குப் போய்ச் சொன்னதும் பெடியன் யோசிக்கவே இல்லை. "அண்ணா, போர்டோட வாற சவுண்ட் எல்லாம் சும்மா பேருக்குத்தான். தனிக் கார்ட் ஒண்டு போடுங்கோ, சத்தம் அப்பிடியே நிண்டிடும்." என்ன மைக், எதில் கொழுவியிருக்கு, எப்ப தொடங்கினது என்று ஒரு கேள்வியும் இல்லை. நானும் சொல்லவில்லை, அது என் பிழை. பெட்டியில் தங்க எழுத்தில் 7.1, 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் (பிட்டும் ஹேர்ட்ஸும் சத்தத்தின் நுணுக்கத்தைச் சொல்லுகிற அளவுகள்). 14,500 ரூபா எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் பிரித்தால் உள்ளே இருந்தது பெருவிரல் அளவு யூ.எஸ்.பி. சாமான். ஓட்டை ரெண்டே ரெண்டு: ஒன்று ஹெட்போனுக்கு, மற்றது மைக்குக்கு. 7.1 என்றால் எட்டுத் தடம். ஒரு ஹெட்போன் ஓட்டையால் இடமும் வலமுமாக ரெண்டுதான் வரும், மிச்சம் ஆறும் பெட்டியிலேயே நின்றுவிட்டது போல. விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் பார்த்தேன். 16 பிட், 44,100 அல்லது 48,000 ஹேர்ட்ஸ், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. மூடி நகம் வைக்கவே கழன்றது. உள்ளே சி-மீடியா கம்பனியின் சிஎம்108 சிப். அந்தச் சிப்பில் குறை இல்லை, மலிவு ஹெட்செட்டுக்கு நல்லாவே உழைக்கும். ஆனால் அது 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ்தான், மைக் பக்கம் ஒற்றைத் தடம்தான். இதே சாமானை ஒரு கிழமை கழித்துப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 1,200 ரூபாவுக்குக் கண்டேன்.

இதை விடக் கொடுமை என்னவென்றால், என் கொம்பியூட்டரின் பழைய மதர்போர்டில் இருக்கிற ரியல்டெக் ஏஎல்சி887 சவுண்ட் சிப் உண்மையிலேயே 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் வாசிக்கும். இருந்ததை விடக் குறைந்ததைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்!

சரி, இரைச்சலாவது நின்றதா? இல்லை. அதோடு, மிக்சர் வயரை மைக் ஓட்டைக்குள் கொழுவினதால் புதுச் சத்தமும் சேர்ந்தது. மிக்சரில் இருந்து வருகிறது பலமான சிக்னல், மைக் ஓட்டை எதிர்பார்ப்பதோ நொய்ந்த சிக்னல். "பெறுமானத் தேய்வு" என்று நான் சொல்ல, பிள்ளைகளுக்கு அப்பளம் பொரிகிற மாதிரிக் கேட்டதாம்.

கடைசியில் வயரிங் வேலை செய்கிற மச்சான் வந்தான். கொம்பியூட்டரைத் தொடவே இல்லை, குனிந்து சுவரைத்தான் பார்த்தான். மேசையை மாற்றினபோது மிக்சர் ஒரு சுவர்ப் பிளக்கிலும் கொம்பியூட்டர் மற்றச் சுவரிலும் போயிருந்தது. ரெண்டுக்கும் எர்த் இருக்கிறது, ஓடியோ வயர் அந்த ரெண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கி விட்டது. அதில் ஓடுகிற 50 ஹேர்ட்ஸ் கரண்ட்தான் அந்த ம்ம்ம். யூ.எஸ்.பி. வயரிலும் எர்த் தொடர்வதால் கார்ட் மாற்றியும் பலன் இல்லை. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொழுவி, மிக்சர் வயரைத் திரும்ப நீல ஓட்டைக்குள் போட்டான். கப்சிப். (எர்த் முள்ளை உடைத்தாலும் இரைச்சல் நிற்கும் என்று சிலர் சொல்லுவினம். 230 வோல்ட்டோடு அந்த விளையாட்டு வேண்டாம்.)

பெடியன் சொன்னதும் முழுப் பொய் இல்லை, பழைய காலத்து உண்மை. 1989இல் கிரியேட்டிவ் கம்பனியின் சவுண்ட் பிளாஸ்டர் கார்ட் வந்த காலத்தில் கார்ட் இல்லாத கொம்பியூட்டர் கீச் கீச் என்று மட்டும்தான் கத்தும். இன்றைக்கு சூமுக்கும் பாட்டுக்கும் போர்டில் இருப்பது தாராளம். 48 வோல்ட் கேட்கிற ஸ்டூடியோ கண்டென்சர் மைக்கோ, ஓட்டக் கூடின பலம் கேட்கிற 250 ஓம் ஹெட்போனோ வைத்திருந்தால் தனிக் கருவிக்குச் செலவழிக்கலாம். முன்பக்க ஓட்டையில் மவுஸ் அசைய அசையக் கிர்ர் என்றால், முதலில் பின்பக்க ஓட்டையில் கொழுவிப் பாருங்கோ, ஒரு சதமும் செலவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பெட்டி உடைச்சாச்சு அண்ணா, வேணுமெண்டா வேற சாமான் எடுங்கோ." முதலாளி தலை நிமிரவே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு, அவர்களுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பெட்டியின் படம், விண்டோஸ் திரையின் படம், சிப்பின் படம் எல்லாம் இணைத்தேன். பில்லும் இருக்கிறது. அதில் மொடலும் இல்லை, 7.1உம் இல்லை. "யூ.எஸ்.பி. ஐட்டம் 1" என்று மட்டும் எழுதியிருக்கிறான், கள்ளன்.