முதல் டைவ்: நீமோ ரீஃபா, நேத்ராணியா?

நீச்சல் தெரியாத தங்கையை முதன்முதலாக ஸ்கூபாவுக்கு எங்கே கூட்டிப் போவது என்று யோசித்தபோது, மிஞ்சியவை இரண்டு இடங்கள். அந்தமானில் ஹேவ்லாக் தீவின் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) கரையோரப் பவளத்திட்டான நீமோ ரீஃப். கர்நாடகத்தில் முருடேஸ்வரத்துக்கு எதிரே நடுக்கடலில் இருக்கும் நேத்ராணித் தீவு. இரண்டிலும் நான் இறங்கியிருக்கிறேன். அவளுக்கு நீமோ ரீஃபைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

செலவில் நேத்ராணிதான் மலிவு. முருடேஸ்வரத்துக்கு ரயிலே போகிறது. மீன் கூட்டமும் அங்கே பெரிது: பாறை இடுக்கில் அஞ்சாளை, களவா, தலைக்கு மேலே சீலாக் கூட்டம். ஆனால் நான் பார்த்தது ஒரே பருவத்தில்தான். தண்ணீர் எப்போதும் தெளிவாக இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தென்மேற்குப் பருவமழையில் படகே கிடையாது.

எனக்கு முடிவைத் தந்தது, தண்ணீருக்குள் எப்படி இறங்குகிறோம் என்பதுதான். நேத்ராணியில் அலையில் ஆடிக்கொண்டே படகில் போய், கால் எட்டாத ஆழத்தில் இறங்க வேண்டும். குமட்டலோடு போகிறவருக்கு அந்த நிமிடம் கொடுமை. நீமோ ரீஃபில் கரையிலிருந்து நடந்தே போகலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ரெகுலேட்டரில் (வாயில் கவ்வி மூச்சுவிடும் கருவி) மூச்சுவிட்டுப் பழகலாம். பயம் வந்தால் காலை ஊன்றி எழுந்துவிடலாம்.

காதுக்கும் இதுதான் நல்லது. முதல் 10 மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. மறுபடி இரண்டு மடங்காக இன்னும் 20 மீட்டர் இறங்க வேண்டும். ஆக, காதைப் படுத்துவது மேல் மட்டம்தான். சரிவான மணலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூக்கைப் பிடித்து ஊதி, காது திறந்த பிறகு அடுத்த அடி வைக்கலாம். தங்கை அப்படித்தான் இறங்கினாள், அவசரமே இல்லாமல்.

கீழே மணலுக்கு நடுவே பவளத் திட்டுகள், கிளிமீன், கடல் அட்டை. கடல் சாமந்திக்குள் கோமாளி மீன்கள். உடம்பில் பூசிய வழவழப்பு, சாமந்தி கொட்டாமல் இந்த மீன்களைக் காக்கிறது. குடும்பத்தில் பெரியது பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். முழங்காலிட்டுப் பார்க்க ஆசை வரும். பவளத்தின் மேல் மட்டும் உடம்பு படவே கூடாது.

டைவிங் சான்றிதழ் வாங்கியவர்கள் நேத்ராணிக்குத் தாராளமாகப் போகலாம். ஹேவ்லாக் போகிறவர்கள் டைவைப் பயணத்தின் முதல் நாளே முடித்துவிடுங்கள். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும்.