காரில் அப்பும் பூச்சிக்கறை: எதைக் கொண்டு எடுப்பது, எதைக் கொண்டு காப்பது?

கோடை மழை பெய்து ஓய்ந்த மாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் கண்ணாடி முழுக்க ஈசல் இறகு. காவேரிப்பட்டினம் வயல்வெளியை ஒட்டிப் போனால் கொசுவும் வண்டும் வந்து மோதும். டோல்கேட் விளக்குகளைச் சுற்றும் கூட்டம் தனி. வீட்டுக்கு வந்து பார்த்தால் பம்பர், பானெட்டின் முன்விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் முதுகு எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி விழுந்து கிடக்கிறது. வேகம் கூடக்கூட நிலைமை மோசமாகும். 80 கிலோமீட்டரில் போகும் கார் 100-க்கு ஏறினால், பூச்சி மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது.

இந்தக் கறையை எடுக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். கறை பிடிக்காமல் காக்கக் கடைக்கொரு பூச்சு விற்கிறார்கள். எல்லாவற்றையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: எதைப் பூசினோம் என்பதைவிட, எத்தனை மணி நேரத்துக்குள் கறையை நனைத்தோம் என்பதே வண்ணத்தைக் காப்பாற்றுகிறது. அதற்குக் காரணம் கறையின் குணத்திலேயே இருக்கிறது.

பூச்சியின் உடலிலிருந்து தெறிப்பது பெரும்பாலும் நீரும் புரதமும். காற்றுப் பட்டதும் அது உறைந்து கறுக்கும். மறுநாள் வெயில் ஏறினால், வாணலியில் உடைத்து ஊற்றிய முட்டையைப் போல இறுகிவிடும். அது சிதையச் சிதைய, வண்ணத்துக்கு மேலே கண்ணாடி போல் இருக்கும் கிளியர் கோட்டை அரிக்கத் தொடங்குகிறது. அந்த அடுக்கின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட அதைவிட அதிகம். சித்திரை வெயிலில் கருப்பு பானெட்டின் மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் இரண்டு பகல் கிடந்த கறையை எடுத்த பிறகும் அடியில் வட்டமாக ஒரு மங்கல் தங்கிவிடும். அது அழுக்கன்று, அரிப்பு. எந்த ஷாம்புவுக்கும் அது போகாது.

நம் பக்கத்துச் சாலைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிரானைட் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த மாவட்டம் இது. லாரிகள் கிளப்பும் தூசியில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும். பொருள்களின் கடினத்தைப் பத்துக்கு இத்தனை என்று சொல்லும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கிளியர் கோட் அதன் முன்னால் மிக மென்மையான பொருள். எனவே காய்ந்த கறையைக் காய்ந்த துணியால் தேய்ப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சற்றுத்தான் குறைவு. பெட்ரோல் பங்கில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் செய்தித்தாளைச் சுருட்டி பானெட்டைத் துடைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் கடைசி இடம் அதற்குத்தான்.

அடுத்தது டீசல். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் தண்ணீர் அடித்து முடித்ததும், "அண்ணா, முன்னாடி கொஞ்சம் டீசல் தொட்டுத் துடைத்துவிடட்டுமா?" என்று கேட்பார்கள். மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் இந்த வேலையை அது செய்துகொண்டிருந்தது. இரண்டுமே தாருக்கு நல்ல மருந்து. தொப்பூர்க் கணவாயில் புதிதாகத் தார் போட்ட இடத்தில் ஓட்டி வந்து, சக்கர வளைவில் கரும்புள்ளி ஒட்டியிருந்தால் துணியில் சிறிது தொட்டு எடுத்துவிட்டு உடனே ஷாம்பு போட்டுக் கழுவலாம். பூச்சிக்கறை அப்படியன்று. அது புரதம், எண்ணெயில் கரையாது. டீசல் செய்வதெல்லாம் துணியை வழுக்கிக்கொண்டு போகச் செய்வதுதான். கூடவே முன்பு பூசிய மெழுகையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ரப்பர் பீடிங்குகளை நாளடைவில் உப்பவைக்கும். பின்னால் தங்கும் பிசுக்கில் தூசி அப்பும். துடைத்ததும் தெரியும் பளபளப்பு அந்தப் பிசுக்கின் பளபளப்புதான். கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

சமையலறைப் பொருள்களில், பாத்திரம் கழுவும் திரவம் டீசலைவிட மேல். தண்ணீரில் கலந்தால் கறையை இளக்கும். ஆனால் கொழுப்பைக் கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது ஆகையால் மெழுகையும் சேர்த்துக் கழற்றும். மெழுகே பூசாத பழைய வண்டிக்கு எப்போதாவது ஒருமுறை என்றால் பாதகமில்லை. பச்சை நார் மட்டும் பானெட்டின் பக்கமே வரக் கூடாது. சோடா உப்பு மெல்லிய துகள், அதுவும் உரசும். வினிகரும் எலுமிச்சையும் நீர்க்கறையைக் கரைக்கும் அமிலங்கள்; காய்ந்த புரதத்தை இளக்கும் வேலைக்கு அவை உதவாது.

நீர்க்கறை என்றதும் நம் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீரும்கூட. அந்த நீரில் காரைக் கழுவி அப்படியே வெயிலில் காயவிட்டால், ஒவ்வொரு துளியும் வெள்ளை வளையமாகப் படியும். பூச்சிக்கறை போய் உப்புக்கறை வந்த கதைதான். போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் நிழலில் நிறுத்தி, பகுதி பகுதியாகக் கழுவி, ஈரம் காய்வதற்குள் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ ஆற்றுநீரோ கிடைத்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வழி மிக மலிவானது. ஒரு தேங்காய்ப்பூத் துண்டு போதும். அதன் அடர்ந்த நூல் நிறைய நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் வழவழப்பான துணியைவிட அது மேல். இரவு வீட்டுக்கு வந்து, பானெட்டின் சூடு தணிந்த பிறகு, துண்டை வாளியில் முக்கிப் பிழியாமல் அப்படியே கறையின் மேல் விரியுங்கள். பம்பரின் மேல் நிற்கவில்லை என்றால் பானெட்டின் விளிம்பில் ஒரு முனையைச் செருகித் தொங்கவிடலாம். பத்து நிமிடம். நடுவில் ஒருமுறை மேலே தண்ணீர் ஊற்றுங்கள். துண்டை எடுக்கும்போது பார்த்தால், முன்பு கெட்டியாக இருந்த கறை நீரை உறிஞ்சி உப்பி, விளிம்பு தூக்கி நிற்கும். விரலால் தொட்டாலே நகரும். அந்த நிலையில் ஷாம்பு நுரை தோய்த்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்தால் போதும். இறகும் பூச்சியின் ஓட்டுத் துணுக்கும் துணியிலேயே இருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியை மடித்து சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். இல்லையென்றால் எடுத்த துணுக்கையே மீண்டும் வண்ணத்தின் மேல் தேய்ப்போம். வெந்நீர் வேண்டாம், சூடு புரதத்தை இன்னும் இறுக்கும்.

கடையில் கிடைக்கும் பூச்சிக்கறை நீக்கும் ஸ்ப்ரே எப்போது தேவை? இரவு நனைக்க முடியாமல் போய், கறை ஒரு பகல் காய்ந்துவிட்டபோது. நிழலில், குளிர்ந்த பானெட்டில் அடித்து, புட்டியில் சொன்ன நேரம் மட்டும் விட்டு, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். இவற்றில் பல காரத்தன்மை கொண்டவை. வெயிலில் அடித்துக் காயவிட்டால் கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் வெளுப்பு விழும். காய்ந்த கறையில் ஸ்ப்ரே துண்டை வெல்லும். அன்றைய கறையில் இரண்டும் சமம், துண்டுக்குச் செலவில்லை. அதன் பிறகும் கை வைத்தால் சொரசொரப்புத் தெரிகிறது என்றால் களிமண் கட்டி, அதாவது கிளே பார், உதவும். நிறைய நுரை விட்டு, வழுக்கலோடு உருட்ட வேண்டும். அரிப்பு விழுந்துவிட்டால் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை போட்டு மெஷின் பாலிஷ் செய்வதுதான் மிச்சம். அது கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவித்தான் தழும்பை மறைக்கிறது. இருக்கும் நாற்பது ஐம்பது மைக்ரானில் எத்தனை தடவை சீவுவது? ஒவ்வொரு சர்வீஸிலும் பாலிஷ் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

முன் கிரில்லையும் மறக்க வேண்டாம். ஈசல் காலத்தில் ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் இவற்றின் மெல்லிய தகடுகளுக்கிடையே பூச்சி அடைத்தால் காற்றோட்டம் குறையும், ஏசியின் குளிர்ச்சி குறையும். அங்கே பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். தோட்டக் குழாயின் மெல்லிய தாரையே போதும்.

இனி காப்பு. இங்கேதான் பணம் பெரிதாகப் புரள்கிறது, பேச்சும் பெரிதாக இருக்கிறது.

மெழுகில் பேர்பெற்றது கார்னாபா. பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுப்பது. சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா கிடைக்கும், முன்பக்கத்துக்கு மட்டும் பூசினால் பல மாதம் வரும். நம் வெயிலுக்கு ஒரு பூச்சு ஒன்றிரண்டு மாதம் தாங்கினாலே நிறைவு. செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிட நீண்ட நாள் நிற்கும், மினுக்கம் சற்றுக் குறைவு. இரண்டும் செய்வது ஒரே வேலை: கறை நேரே கிளியர் கோட்டில் ஒட்டாமல் நடுவில் ஒரு பலிகடா அடுக்காக நிற்பது. அரிப்பு முதலில் மெழுகைத் தின்னட்டும். நாம் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

புதுக்கார் வாங்கும்போது ஷோரூமில் சொல்லும் 'டெஃப்லான் கோட்டிங்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், விலை மட்டும் வேறு. டெஃப்லான் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் அதைப் பிடிக்கவைப்பது அதற்கும் மேலான சூட்டில். காரின் வண்ணம் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆகவே காரில் பூசுவது பாலிமர் மெழுகு என்றே எடுத்துக்கொண்டு, அந்த விலைக்கு மட்டும் மதிப்பளிக்கலாம்.

செராமிக் கோட்டிங் ஆயிரங்களில் இருக்கும். முறையாகச் செய்து பராமரித்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சிலிக்கா அடிப்படையிலான அடுக்கு அது. நீர் உருண்டு ஓடும், கறை எளிதில் விடும். கையால் கழுவுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் '9எச் கடினம்' என்று சொல்வது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பொருளில்லை. அடுக்கின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான் அளவில்தான். கல் தெறித்தால் தடுக்காது. வெயிலில் விட்ட பூச்சிக்கறை செராமிக்கையும் தழும்பாக்கும். 'இனி கழுவவே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

பிபிஎஃப் என்னும் பாதுகாப்பு ஃபிலிம் வேறு இனம். 150 முதல் 200 மைக்ரான் வரை கனமுள்ள உண்மையான தோல். கல்லையும் பூச்சியையும் தாங்கும். மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தாமாக மறையும் வகையும் உண்டு. முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடும், தாண்டும். டிபியு என்னும் பாலியூரித்தேன் ஃபிலிம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவான பிவிசி சீக்கிரம் மஞ்சளடிக்கும். துணியில் தைத்த முன்முகமூடியை ஒரு மாற்றாகச் சிலர் மாட்டுகிறார்கள். அதற்கடியில் கிரானைட் தூசி புகுந்து, காற்றில் துணி படபடக்கப் படபடக்க வண்ணத்தை அரைத்துவிடும். நம் சாலைக்கு அது ஆகாது.

தினமும் ஓசூருக்கோ சேலத்துக்கோ நெடுஞ்சாலையில் போய் வருகிறவர் என்றால், முழுக் காரையும் விட்டுவிட்டு முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகள் இவற்றுக்கு மட்டும் பிபிஎஃப் ஒட்டி, மற்ற இடத்துக்கு மெழுகு பூசுவதே என் தேர்வு. அடி விழும் இடத்தில்தான் பணம் போக வேண்டும். கருப்பு, கருநீல வண்டியைத் தாமே ஆசையாகக் கழுவுகிறவருக்குச் செராமிக் மகிழ்ச்சி தரும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கும், வயதான வண்டிக்கும் மெழுகு டப்பாவுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி மரத்திலிருந்து தேன் போன்ற பசையைச் சொட்டும். அதன் மேல் கரும்பூசணம் படரும். நிழலுக்கென்று அங்கே நிறுத்திய கார் மாலைக்குள் பிசுபிசுத்துவிடும். அந்தப் பசை சர்க்கரை, தண்ணீரிலேயே கரையும். அதற்கு ஸ்ப்ரே வாங்க வேண்டாம்.

பிபிஎஃப் ஒட்டுவதற்கு முன், அந்தப் பாகம் எப்போதாவது டிங்கரிங் முடிந்து மறுபெயிண்ட் ஆனதா என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கம்பெனி வண்ணம் சூளையில் வெந்தது. பட்டறை வண்ணம் சரியாகப் பிடிக்காமல் இருந்தால், பிற்காலத்தில் ஃபிலிமை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரிந்து வரும். புதிதாக அடித்த பெயிண்ட் என்றால் அது முழுதாக உலர எத்தனை வாரம் ஆகும் என்று பெயிண்டரிடம் கேட்டு, அதுவரை மெழுகும் வேண்டாம், ஃபிலிமும் வேண்டாம். அந்த நாள்களில் வண்ணம் இன்னும் மென்மையாக இருக்கும். பூச்சி அடித்த இரவே கழுவுவது அப்போதுதான் மிக அவசியம்.