ஃப்ளைஸ்கை ஐ6, ஏ2212 காம்போ: ராமநாதபுரம் கடற்கரைக்குத் தாங்குமா?

ரிமோட்டில் பறக்கவிடும் ஆர்சி விமானம் பழக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது அரை மீட்டர் இறக்கையுள்ள ரெடிமேட் குட்டி விமானத்தைத்தான். வோலன்டெக்ஸ் ஸ்போர்ட் கப் 500 மாதிரியானவை மோசமான சரக்கு இல்லை. உள்ளே ஆட்டத்தைத் தானே சரிசெய்யும் கைரோ இருக்கிறது, சார்ஜ் போட்டதும் பறக்கும். காற்றில்லாத உள்ளூர் மைதானத்துக்கு அது போதும். கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ கச்சான் எனும் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் அந்த எடை நிற்காது, மூக்கு காற்றைப் பார்த்திருக்கும்போதே விமானம் பின்னால் போகும். இந்தக் கரைக்கு வேண்டியது ஒரு மீட்டருக்குக் குறையாத இறக்கை, 700 முதல் 800 கிராம் எடை, உடம்புக்கு மேலே இறக்கை வைத்த, பழகுவதற்கான ட்ரெய்னர் விமானம். அந்த அளவுக்குப் பாக்கெட்டைக் கடிக்காத கூட்டணி ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட்டும் ஏ2212 மோட்டார் காம்போவும்தான்.

காசை முதலில் ரிமோட்டில் போடுங்கள். விமானம் உடையும், ரிமோட் அடுத்த விமானத்துக்கும் வரும். ஐ6 ஆறு சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ், நாலு ஏஏ பேட்டரி. ஐஏ6பி ரிசீவர் சேர்ந்த செட்டாக, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடக்கையில் வரும் மோட் 2 என்று கேட்டு வாங்குங்கள். குறை ஒன்று உண்டு: சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் தானாக அமையாது. ரிமோட் மெனுவில் ஆர்எக்ஸ் செட்டப் போய், ஃபெயில்சேஃபில் த்ராட்டிலுக்கான சேனல் 3-ஐ எடுத்து, த்ராட்டில் கம்பை அடியில் வைத்து ஆன் செய்து, கேன்சல் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் பதிவாகும். பலர் ஓகே அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்காவிட்டால் அந்த விமானத்தை ஏற்றக்கூடாது.

காம்போவில் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடம் 1000 சுற்று) மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, 10 அங்குல புரொப்பெல்லர், வால், இறக்கை மடல்களை அசைக்கும் 9 கிராம் செர்வோக்கள் வரும். 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியோடு இந்த எடையைத் தாராளமாகத் தூக்கும். சொதப்புவது சின்னச் சாமான்களில். புரொப்பெல்லரைப் பிடிக்கும் கூம்பு நட்டைக் கையால் முறுக்கினால் போதாது. அதன் குறுக்குத் துளையில் ஆலன் கீயைச் செருகி இறுக்காவிட்டால் நடுவானில் கழன்று போகும். மோட்டாரைப் பொருத்தும் 3 மி.மீ. திருகு நீளமாக இருந்தால் உள்ளே காயிலில் குத்தி ஷார்ட் ஆகும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள்.

உடம்புக்கு இபிபி நுரை நல்லது, அடிபட்டாலும் வளைந்து நிமிரும். ஸ்டேஷனரி கடை ஃபோம் போர்டில் வெட்டினால் கடல் ஈரத்தில் காகிதம் உரிந்துவிடும்; பேக்கிங் டேப்பை முழுக்கப் போர்த்துங்கள். ஃபெவிக்விக் இபிபிக்கு ஒத்துவரும், தெர்மாகோலைக் கரைத்துவிடும். எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பங்கில் இருக்க வேண்டும்: அகலம் 20 செ.மீ. என்றால் 5 செ.மீ.யில். மையம் பின்னால் போனால் ரிமோட்டில் எந்த ட்ரிம் திருத்தமும் காப்பாற்றாது.

இனி காற்று. மண்டபம் பக்கத்து நிலம் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கிறது. கச்சான் மாதங்களில் வடகரையில் பறக்கவிட்டால் காற்று விமானத்தைக் கடலுக்குள் தள்ளும். தென்கரையில் நிலத்துக்குத் தள்ளும். வாடைக்கு அப்படியே நேர்மாறு. கோடையில் வற்றிய கண்மாய் இரண்டையும்விட மேல், சீமைக்கருவேல முள்தான் நுரையைக் குத்தும். எங்கே ஆனாலும் விடிந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கடற்காற்று ஏறும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்காமல் ஏற்றவே கூடாது. வலை காயும் இடத்திலும் வேண்டாம்.

மணலில் இறங்கினால் மோட்டாரின் காந்தம் கருமணலை இழுத்துக்கொள்ளும். டேப்பின் ஒட்டும் பக்கத்தை வைத்து ஒற்றி எடுங்கள். ஊதினால் இன்னும் உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் பேரிங்கில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். இதைச் செய்யாவிட்டால் துரு பிடித்துக் கரகரக்கும்.

பேட்டரிக்குக் காம்போ விற்பவர் தள்ளும் மலிவு சார்ஜர் வேண்டாம். ஐமேக்ஸ் பி6 ரகத்தில், எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் மோடில், 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். இதை 12 வோல்ட் கார் பேட்டரியிலும் ஓட்டலாம். விமானத்தில் ஒரு லைப்போ அலாரம் மாட்டி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் கத்த வையுங்கள். மறுநாள் பறக்கப் போவதில்லை என்றால் 3.8-இல் வைத்துவிடுங்கள். வெயிலில் பூட்டிய காரில் போட்டால் உப்பிவிடும்.

ஆர்டர் போடும்போதே புரொப்பெல்லர் நாலும், செர்வோ இரண்டும், ஐ6-ஐக் கம்ப்யூட்டரில் செருகும் கேபிளும் சேர்த்துப் போடுங்கள். கம்ப்யூட்டரில் பறக்கப் பழகும் பிகாசிம் சிமுலேட்டர் இலவசம்தான். தன்னை நோக்கி வரும் விமானத்துக்கு இடம் வலம் மாறிப்போகும் குழப்பம் அதில் தீரும்வரை விமானப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.