போன் சர்வர் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எங்களுக்குப் போனது 64,000 ரூபாய்

ரூ.64,000. தீபாவளி ஆர்டர் குவிகிற நேரத்தில் எங்கள் பலகாரக் கடையிலிருந்து போன பணம் இது. இதில் 18,000, போன் சர்வரைச் சரிசெய்ய வந்தவர் வாங்கிக்கொண்டது. மீதி 46,000, அவர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு யாரோ எங்கள் லைனில் கியூபாவுக்கும் சோமாலியாவுக்கும் பேசியதற்கான பில். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் சிறுதொழில் செய்து, கடைக்கென்று சொந்தமாக போன் சர்வர் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எங்கள் ஏற்பாடு இதுதான். காரைக்குடியில் அடுப்படி. மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, கைமுறுக்கு, அதிரசம் போடுகிறோம். கடைக்கு வந்து வாங்குகிறவர்களைவிட போனில் சொல்லி அனுப்பச் சொல்கிறவர்கள் அதிகம். தீபாவளி, பிள்ளையார் நோன்பு, அறுபதாம் கல்யாணம் என்றால் சென்னையிலிருந்தும் கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்தும் ஆச்சிமார் கூப்பிடுவார்கள். ஆர்டர் எடுக்கும் பெண்கள் தேவகோட்டையிலும் கண்டனூரிலும் பள்ளத்தூரிலும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். கடை எண்ணுக்கு வரும் அழைப்பு அவர்கள் கைபேசியில் இருக்கும் ஆப்பில் எக்ஸ்டென்ஷனாக, அதாவது கடை எண்ணின் கிளை எண்ணாக, அடிக்கும். இதையெல்லாம் நடத்துவது அலுவலக மூலையில் இருக்கும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. அதில் அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள், அதன் மேல் அதைத் திரையில் அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ். வெளிநாட்டு ஆர்டரைத் திருப்பிக் கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டியிருப்பதால் லைனில் ஐஎஸ்டியும் உண்டு. வருஷக்கணக்கில் இது ஒழுங்காக ஓடியது.

இன்டர்நெட் இணைப்பை மாற்றியபோது புது ரௌட்டர் வந்தது. அன்றிலிருந்து தொல்லை. தேவகோட்டை அக்கா பேசுவது வாடிக்கையாளருக்குக் கேட்காது, வாடிக்கையாளர் பேசுவது மட்டும் அக்காவுக்குக் கேட்கும். பேச்சு ஒழுங்காகக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் துண்டித்துவிடும். ஒவ்வொரு தடவையும் அதே அரை நிமிஷம். "எத்தனை கிலோ" என்று கேட்பதற்குள் லைன் போய்விடும். சீசனில் இது தாங்காது. அதனால் வேலை தெரிந்தவர்களையும் வேலை கொடுக்கிறவர்களையும் சேர்த்து வைக்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் ஆள் தேடினோம். தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. "சரிபார்க்கப்பட்ட நிபுணர்" என்று பச்சை முத்திரை, ஐந்து நட்சத்திரம், கீழே வரிசையாகப் பாராட்டு. லினக்ஸ், சர்வர், ஆபீஸ் போன் மென்பொருள் எல்லாம் பார்ப்பவர் என்று போட்டிருந்தது. 18,000 ரூபாய் பேசி, பணத்தை முழுவதும் தளத்தில் கட்டினோம். வேலை முடிந்து நாம் ஓடிபி சொன்னால்தான் பணம் அவருக்குப் போகும் என்றார்கள்.

அந்த ஆள் என் நம்பிக்கையை எப்படி வாங்கினார் என்பதுதான் இதில் முக்கியம்.

பேச ஆரம்பித்ததும், "நானும் புதுக்கோட்டைப் பக்கந்தாண்ணே" என்றார். மணகோலத்தைப் பற்றி விசாரித்தார். அதெல்லாம் சரி, யாரும் பேசுவார்கள். நான் நம்பியது அதற்காக இல்லை. திரையைப் பகிர்ந்தவுடன் அவர் சர்வருக்குள் போய், ஒரு கால் போடச் சொல்லி, ஓடுகிற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்த மாதிரி விளக்கினார். "உங்க சர்வர் ரௌட்டருக்குப் பின்னால இருக்குண்ணே. அதோட முகவரி 192.168ல ஆரம்பிக்கிறது, அது உங்க கட்டடத்துக்குள்ள மட்டும்தான் செல்லும். ஆனா கால் போடும்போது 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு'ன்னு அதையேதான் வெளியில சொல்லுது. தேவகோட்டையில இருக்கிற போன் அந்த முகவரிக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு, போய்ச் சேர வழியில்ல." அரை நிமிஷத்தில் துண்டிப்பது ஏன் என்றும் சொன்னார். அழைப்பை எடுத்த தகவலுக்கு எதிர்முனையிலிருந்து ஒப்புதல் வர வேண்டுமாம். வராவிட்டால் சர்வர் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு 32 வினாடியில் அழைப்பை முடித்துவிடுமாம். அது இன்டர்நெட் வழி அழைப்பை இணைக்கிற எஸ்ஐபி நெறிமுறையில் இருக்கிற கணக்கு என்றார்.

எல்லாம் உண்மை. இன்றைக்கு விசாரித்த பிறகும் சொல்கிறேன், அவர் சொன்ன ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார். மருந்தும் தெரிந்தவர்தான். அப்படிப்பட்டவரிடம், சர்வரில் எதையும் மாற்ற உரிமை தரும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் யாரிடம் கொடுப்பது?

ஃப்ரீபிபிஎக்ஸில் வெளி முகவரியையும் உள் நெட்வொர்க்கையும் எழுதும் கட்டங்களை நிரப்பினார். அழைப்பு துண்டிப்பது நின்றுவிட்டது. ஆனால் பள்ளத்தூர் போனில் இன்னும் சத்தம் வரவில்லை. "டெஸ்ட்டுக்காக ஒண்ணு பண்றேண்ணே" என்று எதையோ அடித்தார், ரௌட்டர் பக்கத்திலும் எதையோ மாற்றினார். சத்தம் வந்துவிட்டது. மூன்று ஊரிலும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தோம், கண்ணாடி மாதிரி கேட்டது. ஓடிபி கேட்டார், சொன்னேன். பணம் போய்விட்டது.

அந்த வாரம் நிம்மதியாக ஓடியது. திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தால் வெளியே ஒரு கால் போகவில்லை. டெலிகாம் கம்பெனியைக் கூப்பிட்டால், "உங்கள் கடன் வரம்பு தாண்டிவிட்டது சார், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்கிறார்கள். தொகை எவ்வளவு என்றால், 46,000. சனி நள்ளிரவுக்கு மேல் ஆரம்பித்து ஞாயிறு முழுக்க, ஒரே நேரத்தில் பல லைனில், 53, 252, 371 என்று தொடங்கும் எண்களுக்குக் கால் போயிருக்கிறது. கியூபா, சோமாலியா, லாட்வியா. அங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்? கடை பூட்டிக் கிடந்த நேரம் அது.

சென்னையில் லினக்ஸ் வேலை பார்க்கும் என் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினான். அடித்த கட்டளைகள் எல்லாம் ஹிஸ்டரியில் அப்படியே கிடந்தன. வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் விதிகள் மொத்தமும் துடைக்கப்பட்டிருந்தன. தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் நிறுத்தப்பட்டு, சர்வரை மறுபடி போட்டாலும் ஓடாதபடி முடக்கப்பட்டிருந்தது. ரௌட்டரில் டிஎம்இசட் என்ற வசதியைப் போட்டு, இன்டர்நெட்டிலிருந்து வருகிற எல்லாவற்றையும் நேராக எங்கள் சர்வருக்குத் திருப்பிவிட்டிருந்தார். இது போதாது என்று, சோதனைக்காக 999 என்று ஓர் எக்ஸ்டென்ஷன் உண்டாக்கி அதற்கு 1234 என்று பாஸ்வேர்ட் வைத்து, அழிக்காமலே போயிருக்கிறார். அந்த 999க்கும் ஐஎஸ்டி உண்டு. சனி, ஞாயிறு போன கால் அத்தனையும் அதிலிருந்துதான்.

தாழ்ப்பாள் இறுகுகிறது என்று தச்சரைக் கூப்பிட்டால், முகப்புக் கதவையே கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, "இப்ப லேசா இருக்கு பாருங்க" என்று கூலி வாங்கிப் போவதுபோல இருக்கிறது இது.

போன் சர்வர்கள் வழக்கமாக அழைப்பை வாங்கும் வாசல் எண்ணான 5060 என்ற போர்ட்டை இன்டர்நெட் முழுக்க இரவும் பகலும் தட்டிப் பார்க்கிற நிரல்கள் இருக்கின்றனவாம். எக்ஸ்டென்ஷன் எண்ணை 100, 101 என்று வரிசையாக முயன்று, பாஸ்வேர்டும் அதேபோல முயலும். எங்கள் பதிவுக் கோப்பில் தப்பான பாஸ்வேர்ட் என்ற வரி பக்கம் பக்கமாக ஓடுகிறது. தடுக்க ஆள் இல்லாததால் எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம். உள்ளே வந்ததும், கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்குக் கால் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த எண்களை எடுத்து வைத்திருப்பவனுக்குக் கால் கட்டணத்தில் பங்கு போகும். நாம் கட்டுகிற பில்தான் அவனுடைய வருமானம். வார இறுதி இரவைப் பார்த்துச் செய்வது, திங்கள் காலை வரை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதால்.

வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? பள்ளத்தூர் போனுக்குத் தேவைப்பட்டது, குரல் போகும் 10000 முதல் 20000 வரையான யுடிபி போர்ட்டுகளைப் புது ரௌட்டரில் சர்வருக்குத் திருப்பிவிடுவது மட்டும்தான். அக்கா மகன் அதைச் செய்து, டிஎம்இசட்டை எடுத்து, ஃபயர்வாலைத் திரும்பப் போட்டான். மூன்று ஊரிலும் அதே மாதிரி தெளிவாகக் கேட்கிறது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஆள் எங்கள் சர்வரை ஊருக்கே திறந்துபோட்டுவிட்டு, 18,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். முதலில் அவர் போனை எடுத்தார். "பாக்குறேண்ணே, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். மறுபடி கூப்பிட்டபோது, "அது உங்க டெலிகாம் பிரச்சினைண்ணே, அவங்கள கேளுங்க." ஹிஸ்டரியைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு, "உங்க ஓஎஸ் பழசுண்ணே, சென்டாஸ் 7. அதனாலதான் ஹேக் ஆயிருக்கு" என்று பதில். சென்டாஸ் 7 என்ற அந்த லினக்ஸ் பதிப்புக்கு 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, அது உண்மை. ஆனால் உள்ளே நுழைந்ததும் அவர் பார்த்ததே அதைத்தானே? அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை? 1234 என்ற பாஸ்வேர்டுக்கும் ஓஎஸ் பழசானதற்கும் என்ன சம்பந்தம்? இதைக் கேட்டதும், "ஃப்ரீ சாஃப்ட்வேர்னா இப்படித்தாண்ணே" என்றார். 1999-இல் மார்க் ஸ்பென்சர் எழுத ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்டெரிஸ்க் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் எங்கள் கடைக்கும் உழைத்தது. அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு, என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்.

தளத்தில் புகார் போட்டால் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று இயந்திரம் பதில் சொல்கிறது. மனிதர் ஒருவர் கிடைத்தபோது, "வேலை முடிந்ததாக நீங்களே ஓடிபி கொடுத்திருக்கிறீர்கள், ஆட்சேபம் தெரிவிக்கும் காலமும் முடிந்துவிட்டது" என்றார். வீட்டைத் திறந்துபோட்டது திருட்டுப் போன பிறகுதானே தெரியும் என்றேன். "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, சேவை தருபவரை நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள்" என்றார். அவர் பிளாக் செய்துவிட்டார் என்றேன். "வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று கேட்டு அரட்டையை மூடிவிட்டார். நான் எழுதிய விமர்சனத்தை, விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று நீக்கிவிட்டார்கள். அந்த ஆளின் ஐந்து நட்சத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இப்படிப்பட்ட தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதை எடுத்துச் சொன்னேன். "நீங்கள் வணிக நோக்கத்தில் சேவை பெற்றவர், நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பணம் வாங்கும்போது இந்த வேற்றுமை யாருக்கும் தெரியவில்லை.

டெலிகாம் கம்பெனி, "உங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து போன கால், கட்டித்தான் ஆக வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. கட்டாவிட்டால் தீபாவளிக்கு லைன் இருக்காது. கட்டினோம். 18,000 ஆக முதலில் போனது 64,000 ஆக முடிந்தது. மாவுருண்டைக்கு மாவு இடிக்கிற பெண்களுக்கு தீபாவளிக்குத் தரலாம் என்று எடுத்து வைத்திருந்த பணம் இதில் போயிருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லியிருக்கிறோம். வக்கீலையும் பார்க்கப் போகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். ஆர்டர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடிபி கொடுப்பதற்கு முன்னால் ஃபயர்வாலும் ஃபெயில்டுபேனும் ஓடுவதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். "டெஸ்ட்டுக்காக" என்று எதை நிறுத்தினாலும் எழுதி வைத்துக்கொண்டு, போகும் முன் திரும்பப் போட வையுங்கள். வேலை முடிந்ததும் ரூட் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அழித்துவிடுங்கள். வீட்டிலிருந்து பேசுகிறவர்களை விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ளேயே மற்றவர் நுழைய முடியாத தனி வழி) வழியாக இணைப்பது நல்லது என்று அக்கா மகன் சொல்கிறான், நாங்களும் அதற்கு மாறிக்கொண்டிருக்கிறோம். ஐஎஸ்டியை மலேசியாவின் 60, சிங்கப்பூரின் 65 என்று உங்களுக்கு வேண்டிய நாடுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டச் சொல்லுங்கள். கடன் வரம்பையும் குறைக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். அண்மையில் வெளியாளை விட்டு சர்வரைத் தொட்டிருந்தால், வருகிற சனிக்கிழமை ராத்திரிக்கு முன்னால் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.