ஸ்டீம் லைன் ஊளையிடுதா? கிளாம்ப் போட வர்றவரிடம் உஷார்

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். புதுசாக இரண்டு டையிங் மெஷின் சேர்த்ததிலிருந்து எங்கள் ஆறு இன்ச் ஸ்டீம் லைன் ஊளையிட ஆரம்பித்தது. 10 கிலோ பிரஷர். எல்லா மெஷினும் ஓடும்போது மட்டும்தான் கத்தும். பாதி லோடில் கப்சிப். பிரஷர் காட்டும் கேஜின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்றே தெரியாத நடுக்கம். ஒருநாள் அந்த கேஜ் குழாயின் வெல்டிங்கில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் விட்டு ஸ்டீம் சீறியது.

அதிர்வு நிபுணர் என்று ஒருவரைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்தார், பாதி மெஷின் நிறுத்தியிருந்த நேரம்! பேனா மாதிரி இருக்கும் அதிர்வு மீட்டரை நாலு இடத்தில் வைத்து எடுத்ததோடு சரி. எத்தனை ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று பார்க்கவே இல்லை. ரிப்போர்ட்டில் ஐஎஸ்ஓ 10816 என்று போட்டிருந்தார். அது மோட்டார், பம்பு மாதிரி மெஷின்களுக்கான அதிர்வு அளவுகோல், எங்கள் மாதிரி ஸ்டீம் குழாய்க்கு இல்லை. அன்றைக்கு அது எனக்கும் தெரியாது, என் தப்புதான். லைன் அசையாதபடி எட்டு இடத்தில் இறுக்கிக் கிளாம்ப் போட்டு 3,80,000 ரூபாய்க்கு பில் நீட்டினார்.

ஆறிக் கிடக்கும் லைன் 184 டிகிரிக்குச் சூடானால் 30 மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் நீளும். அதை நீளவிடாமல் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? மறுவாரமே குழாய் மூட்டில் (ஃபிளேஞ்ச்) கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் பிய்ந்தது. ஊளை குறையவே இல்லை. "செட்டில் ஆகட்டும் சார்" என்றவர், பிறகு போனையே எடுக்கவில்லை.

கண்டுபிடித்தது எங்கள் பாய்லர் ஆபரேட்டர் அண்ணன். நீள ஸ்க்ரூடிரைவரை லைனில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனவர், எப்போதோ பழைய மெஷினைக் கழற்றியபோது முனையைத் தகட்டால் மூடி (பிளாங்க் அடித்து) விட்டிருந்த மூணு இன்ச் கிளைக்குழாயிடம் நின்றார். "சார், இங்கதானுங்க கத்துது." காலி பாட்டில் வாயில் ஊதுகிற கதைதான். கிளையின் நீளம் ஒரு மீட்டர். ஸ்டீமில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். நீளத்தின் நாலு மடங்கால் வகுத்தால் 125 ஹெர்ட்ஸ். ஃபுல் லோடில் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஸ்டீம் அந்த வாயைக் கடக்கும்போது கிளம்பும் சுழல்களும் நொடிக்குக் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. இரண்டும் ஒத்துப்போனதால்தான் ஊளை. அமெரிக்காவின் குவாட் சிட்டீஸ் அணுமின் நிலையத்திலேயே 2002-ல் உற்பத்தியைக் கூட்டிய பிறகு, வால்வு கிளைக்குழாய்களில் இதே ஊளை கிளம்பி ஸ்டீமிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் டிரையர் விரிசல் விட்டிருக்கிறது.

பாய்லர் இலாகா அனுமதி வாங்கி, ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறை) சான்று உள்ள வெல்டரை வைத்துக் கிளையை, அது மெயின் லைனில் பிரியும் 'T' மூட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டி மூடினோம். கிளாம்பையெல்லாம் எடுத்துவிட்டு, பழையபடி நகர்ந்துகொடுக்கும் சப்போர்ட் வைத்தோம். இப்போது ஃபுல் லோடிலும் கேஜ் முள் அசையாமல் நிற்கிறது.

யாரையாவது கூப்பிட்டால் ஃபுல் லோடில் அளக்கச் சொல்லுங்கள். ஹெர்ட்ஸ் கேளுங்கள். கிளாம்ப் என்று வாயெடுத்தால், லைன் நீளுவதற்கான கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

நம்ம நிபுணர் நேற்று வாட்ஸ்அப்பில் வந்தார். பாக்கி 40,000 எப்போது வரும் என்று கேட்கிறார்.